தேவராஜின் மூன்றாவது மொட்டை

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஆண்கள் மூன்று பேர். மூன்று பேர் முடியையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு தலைக்குத் தேறாது. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். வரட்டும். பூந்தமல்லிக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவர் தலையில் சீப்பு நுழையாத அளவுக்கு முடி இருந்தது. அதைப் பார்த்துதான் எங்கம்மா தலையாட்டினாள். இப்போது எங்கம்மா வரும்போதெல்லாம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி பெருமூச்சு விடுகிறாள்.

முடி போனதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மாமனார் துலுக்கானம், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கட்டும்போது மண் கூடை சுமந்தே போச்சு என்பார். என் வீட்டுக்காரர் சின்னசாமிக்கு ஆவடியில் பாக்டரி வேலை. அங்கே போடச் சொல்லும் தொப்பியின் மேல் பழி. கொழுந்தனார் தேவராஜ் எங்கள் கள்ளிக்குப்பத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சொல்வான். அதே தண்ணீரில்தான் நானும் குளித்தேன். என் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. அதைச் சுட்டிக் காட்டினால், "பொம்பளைங்க தல வேற" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். அப்பன் தலையைப் பிள்ளைகள் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும், காரணம் தேட வேண்டியிருந்திருக்காது.

மாமனாருக்கு அறுபது தாண்டிவிட்டது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தார். என் வீட்டுக்காரருக்குத்தான் நிம்மதி கிடையாது. நாற்பதைத் தொடும் வயது. இடது காதுக்கு மேலே கொஞ்சம் முடியை நீளமாக வளர்த்து, தேங்காயெண்ணெயைத் தடவி, உச்சியைத் தாண்டி வலது காது வரை இழுத்து ஒட்டிவைப்பார். சைக்கிளில் ஆவடிக்குப் போகும்போது எதிர்காற்று அடித்தால் ஒரு கை ஹேண்டில் பாரில், ஒரு கை தலையில். ரயிலில் ஜன்னல் ஓரம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். அந்த இழைகளை என்னைத் தொடவே விட்டதில்லை. கோயில் விபூதியை நான் வைக்கப் போனால்கூட நெற்றியை மட்டும் நீட்டுவார்.

இவர்கள் கூத்தையெல்லாம் பார்த்துச் சிரிக்க முடிந்தது. தேவராஜைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். இருபத்தாறு வயதுப் பையன். எழுபத்திரண்டாம் வருஷம். தெருவில் இருந்த இளவட்டங்கள் எல்லாம் காது மறைய முடி வளர்த்துக்கொண்டு திரிந்த காலம். அவனும் பெல்பாட்டம் தைத்துக்கொண்டான். கன்னத்தில் பாதி வரைக்கும் கிருதா வைத்துக்கொண்டான். மேலே மட்டும் ஒன்றும் வைத்துக்கொள்ள முடியவில்லை. காலையில் எழுந்ததும் தலையணையில் கிடக்கும் முடிகளைப் பொறுக்கிச் சுருட்டி, யாரும் பார்க்காதபடி சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். ஒருநாள் துவைக்கும்போது அந்தச் சுருள் என் கையில் வந்தது. எனக்கு என்னவோ செய்தது.

முந்தின தீபாவளிக்கு வழக்கம்போல எல்லோரையும் மணையில் உட்காரவைத்து நான் எண்ணெய் வைத்தேன். மாமியார் இல்லாத வீடு. அந்த வேலை என்னுடையது. மாமனார் தலையைக் குனிந்து கொடுத்தார். என் வீட்டுக்காரர் நெற்றியை மட்டும் நீட்டினார். தேவராஜ் முறை வந்தபோது, என் கை உச்சிக்குப் போகுமுன் சட்டென்று பின்வாங்கி, கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டான்.

"நானே வெச்சிக்கிறேன் அண்ணி."

"நாள் கெழமையில தானே வெச்சிக்கக் கூடாதுப்பா."

"பரவால்ல அண்ணி" என்று கொல்லைப்புறம் போய்விட்டான். காதோரம் கோணல்மாணலாக இருந்ததைப் பார்த்ததும்தான், முடி வெட்டுகிறவரிடம்கூடப் போகாமல், ஓரங்களைத் தானே கத்தரித்துக்கொள்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. எத்தனை மாதமாகத் தன் தலையில் அடுத்தவர் கை படாமல் காத்துவந்தானோ!

அடுத்த ஆடியில் பட்டாபிராமிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண் பெயர் வேம்புலியம்மாள். வேம்பு என்று கூப்பிடுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மாத்திரை கட்டும் கம்பெனியில் வேலை. தேவராஜ் அவளை ஸ்டேஷனில் தூரத்திலிருந்து ஏற்கெனவே பார்த்திருக்கிறான். ஜாதகம் பொருந்தியது என்றதும் அவன் முகத்தில் வந்த சந்தோஷம் கண்ணாடிப் பக்கம் திரும்பியதும் போய்விட்டது. அவன் அதிகம் பயந்தது எதற்கு என்று கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். கல்யாணத்துக்கு முதல் நாள் எங்கள் பக்கம் நலங்கு வைப்போம். பெண் தன் கையால் மாப்பிள்ளைக்குத் தலை சீவி, கண்ணாடி காட்ட வேண்டும். சுற்றி அத்தனை பெண்களும் உட்கார்ந்து கேலி பேசுவார்கள்.

"அண்ணி, அந்த சீப்பு வெளையாட்டு மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க" என்றான், பெண்ணையே இன்னும் நேரில் போய்ப் பார்க்காதவன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தாலே எனக்கு வேலை வரும்.

"மொட்ட அடிச்சவன் தலையில முடி கீதா இல்லியான்னு எவன்டா கேக்கப் போறான்? கிருத்திகைக்குத் திருத்தணி போயி அடிச்சிகினு வா. ஆவணியில பொண்ணு பாக்கப் போவோம். சந்தனத்தப் பூசிகினு ஜம்முனு ஒக்காரு. வேண்டுதல்னு சொல்லிக்கலாம்."

"வளந்தா?" என்று நான் கேட்டேன்.

"அதுக்குள்ள தாலி ஏறிடும். நீ கம்முனு கெட."

நான் கம்மென்று கிடந்தேன். தேவராஜ் திருத்தணி போய் வந்தான். சந்தனம் பூசிய அந்தத் தலையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரொம்ப நாளைக்குப் பிறகு தலையை நிமிர்த்தி நடந்தான்.

பட்டாபிராமில் பெண்ணின் அப்பா அய்யாசாமி எங்களை வாசலுக்கே வந்து அழைத்தார். அவரைப் பார்த்ததும் என் கொழுந்தனார் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். ஐம்பத்தைந்து வயது மனிதர். தலை கொள்ளாத முடி. சட்டைப் பையில் சீப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்து வாரிக்கொண்டார். ரயில்வேயில், மிலிட்டரி சைடிங்கில் வேலையாம்; அவர் வாரிக்கொண்டு முடிக்கும்வரை கூட்ஸ் வண்டி காத்திருக்கும் போலிருந்தது.

"முருகன் மேல இவ்ளோ பக்தி கீற புள்ள இந்தக் காலத்துல எங்க கெடைக்குது?" என்றார். வேம்பு காபி கொண்டுவந்தாள். மாநிறம், நல்ல களையான முகம், துருதுருவென்ற கண். தேவராஜைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அவன் காபியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான். அவளுக்கும் பிடித்திருந்தது, அவனுக்கும் பிடித்திருந்தது. எல்லாம் முடிந்தது என்று என் வீட்டுக்காரர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

அப்போது அய்யாசாமி சொன்னார்: "ஆவணியிலயே வெச்சிக்கலாம்தான். ஆனா மொட்டத் தலையோட மணவறையில ஒக்காரக் கூடாது பாருங்க. நெறைய முடி வளரட்டும். தையில வெச்சிக்கலாம்."

திரும்பும் ரயிலில் ஆவடி வரைக்கும் மூன்று ஆண்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். திருமுல்லைவாயில் தாண்டியதும் என்னால் முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

முடி வளர்ந்தது. வளராமல் இல்லை. காதுகளுக்கு மேலே, பிடரியில் என்று கருகருவென்று வளர்ந்தது. உச்சியில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. மாமனார் வெங்காயச் சாறு தேய்க்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு தைலம் வாங்கிவந்தார். அதன் வாசனைக்குப் பக்கத்து வீட்டு ஆடு வேலியைத் தாண்டி வந்தது, முடி வரவில்லை. ஐப்பசியில், தீபாவளிக்குப் பலகாரத்தோடு வருகிறேன் என்று அய்யாசாமி சொல்லி அனுப்பினார். தேவராஜ் ஓடிப்போய்ப் பெரியபாளையத்தில் மொட்டை அடித்துக்கொண்டு வந்தான். அம்மனுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி என்று மாமனார் சமாளித்தார். கார்த்திகையில் மாப்பிள்ளைக்குச் சட்டை அளவெடுக்க வருவதாகச் சேதி வந்தது. திருப்பதி. மூன்றாவது மொட்டை.

இப்படியே ஒவ்வொரு கோயிலாகப் போனால் ராமேஸ்வரம் வருவதற்குள் கல்யாணம் நடந்துவிடும் என்று இவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யாசாமி தனியாக வந்தார். உட்காரச் சொன்னதற்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். தொடவில்லை. தலையைக்கூட வாரிக்கொள்ளவில்லை. அதைப் பார்த்ததும் விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"சம்மந்தி, நேரா கேக்கறேன். புள்ளையாண்டான் சாமியாராப் போவப் போறாரா?"

மாமனார் விழித்தார். "யாரு?"

"மாசத்துக்கு ஒரு மொட்ட. எங்க பக்கம் எல்லாரும் கேக்கறாங்க. குடும்பம் நடத்தப் போறவன் இத்தினி மொட்ட போடுவானா? இஷ்டமில்லாம ஒத்துக்கினாரா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல. ஒரு வேண்டுதல் பாக்கி கீது, அதோட முடிஞ்சிது" என்றார் மாமனார், உதவி செய்கிற எண்ணத்தில். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அய்யாசாமி எழுந்தார். "எம் பொண்ணு சரியா சாப்ட்டு எத்தினியோ நாளாச்சு. 'என்னப் புடிக்கலன்றத வாயால சொல்ல மாட்டாம, தலைய வழிச்சிகினே போறாரு நைனா'ன்னு அழுவுது. வேணாம் சம்மந்தி. புடிக்காத எடத்துல பொண்ண தள்ள நான் தயாரா இல்ல. இத்தோட உட்டுருவோம்."

தேவராஜ் உள்ளே கதவுக்குப் பின்னால் இருந்தான். மார்கழிப் பனி என்று சாக்குச் சொல்லி நாளெல்லாம் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டிருந்தான். 'அழுவுது' என்று அய்யாசாமி சொன்னதும் கதவு ஆடியது. நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். 'போடா' என்று மனசுக்குள் கத்தினேன். வெளியே சொல்லவில்லை, சொல்லிப் போனால் அது அவன் போனதாகாது.

வெளியே வந்தான். அய்யாசாமி முன்னால் நின்று குல்லாவைக் கழற்றினான். மூன்றாவது மொட்டைக்குப் பிறகு சுற்றிலும் கறுப்பாக முளைத்திருந்தது. நடுவில் வேர்வையில் பளபளவென்று வெறும் தலை.

"சாமியும் இல்ல, வேண்டுதலும் இல்ல மாமா" என்றான். "இதான் விசயம். வளராது. இது தெரிஞ்சா வேம்பு வேணாம்னு சொல்லிடுமோன்னு பயம். அதான்."

அய்யாசாமி அந்தத் தலையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "அடப்பாவி, இதுக்கா?" என்றார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தார். சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் போகும்போது அவர் சொன்னார்: "கட்டிக்கப் போறது நான் இல்லப்பா. அதுகிட்டயும் போயி காட்டு. அது சரின்னா சரி."

மறுநாள் காலை அம்பத்தூர் ஸ்டேஷனில் நானும் அவனும் நின்றோம். நான் துணைக்கு. குல்லா இல்லை, துண்டு இல்லை. எஸ்டேட்டுக்குப் போகிற கூட்டம் முழுக்க அவன் தலையைப் பார்த்துக்கொண்டே போனது. எஸ்டேட்டில் அவனோடு வேலை செய்கிற ஒருத்தன், "இன்னா மாமே, அடுத்தது பழனியா?" என்று கத்திவிட்டுப் போனான். தேவராஜின் கை தானாகத் தலைக்குப் போனது. பாதி வழியில் நிறுத்திக் கீழே இறக்கினான். அவன் அன்றைக்குச் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வண்டி வந்தது. வேம்பு டிபன் டப்பாவோடு இறங்கினாள். எங்களைப் பார்த்ததும் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. அவன் தலையைப் பார்த்தாள். கூட்டமெல்லாம் நகரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நைனா சொன்னாரு" என்றாள். "எனுக்கு அழுகைய உட கோவம்தான் சாஸ்தி. முருகன், அம்மன், பெருமாளு, மூணு சாமியையும் பொய்யிக்குக் கூட்டுச் சேத்துக்கினீங்களே, ஒரு தபா எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது?"

"சொல்லியிருந்தா?" என்றான் தேவராஜ்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, எங்கூட்ல ஒரே ஒரு கண்ணாடி. காத்தால எங்க நைனா அதும் முன்னால நின்னாருன்னா நவுர மாட்டாரு. இப்பிடி வாருவாரு, கலைப்பாரு, திருப்பி வாருவாரு. நான் தெனமும் பானைத் தண்ணியில மூஞ்சியப் பாத்து பொட்டு வெச்சிகினு ரயிலுக்கு ஓடியாறேன். நான் வாழப்போற ஊட்லயாச்சும் கண்ணாடி ஃப்ரீயா கெடைக்காதான்னு வேண்டிகினு கீறேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தேவராஜுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"இனிமே எந்தச் சாமிக்கும் மொட்ட கெடையாது. சம்மதமா?" என்றாள்.

"சம்மதம்."

"அப்போ எனுக்கும் சம்மதம்" என்று சொல்லிவிட்டு, கம்பெனிக்கு நேரமாகிறது என்று ஓடினாள். அவன் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். தலையில் வெயில் அடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

தையில் கல்யாணம். என்ன சம்மதம் சொன்னாலும் நலங்கு வந்ததும் பழைய பயம் வந்துவிட்டது. தனியாகக் கூப்பிட்டு, "சீப்ப ஒளிச்சி வெச்சிடுங்க அண்ணி" என்று கெஞ்சினான். பாவமாக இருந்தது. ஒளித்துவைத்தேன்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்காரவைத்தோம். பெரியவர்கள் அறுகம்புல்லில் எண்ணெய் தொட்டு வைக்க வந்தபோது அண்ணன் மாதிரியே நெற்றியை மட்டும் நீட்டினான். பிறகு உறவுக்காரப் பொன்னியம்மா பெரியம்மா, "சீப்பு எங்கடீ?" என்று கேட்டாள். நான் தேடுகிற மாதிரி பாய்க்கடியில் பார்த்தேன், தட்டுக்கடியில் பார்த்தேன். வேம்பு மடியிலிருந்து ஒரு சீப்பை எடுத்தாள்.

"எங்க நைனாவோட சீப்பு. பாக்கெட்லேர்ந்து உருவிகினு வந்தேன்" என்றாள்.

பெண்கள் கூட்டம் ஓவென்று சிரித்தது. தேவராஜ் தரையைப் பார்த்தான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது. வேம்பு நிதானமாக வலது பக்கம் சீவினாள். இடது பக்கம் சீவினாள். கிருதாவைச் சீவினாள். மீசையைச் சீவினாள். "மேலே சீவுடீ, மேலே!" என்று யாரோ கத்தினார்கள். மறுபடியும் சிரிப்பு. அவன் தோள் குறுகிக்கொண்டே போனது. இந்தக் கூட்டத்தை எழுப்பி அனுப்பிவிடலாமா என்றிருந்தது.

வேம்பு சீப்பைக் கீழே வைத்தாள். கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள். அப்படியே அவன் உச்சந்தலையில் கையை வைத்தாள்.

தேவராஜ் பின்வாங்கவில்லை. தலை மெல்லக் குனிந்தது. அவள் அவசரப்படாமல், தலைமுடி இருக்கிறவனுக்குத் தேய்ப்பதுபோலவே அழுத்தித் தேய்த்தாள். கேலி பேசியவர்கள் அடங்கிப் போனார்கள். கண்ணாடியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தபோது அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"எண்ண கண்ணுல பட்ருச்சி" என்றான்.

எண்ணெய் புருவம் வரைக்கும்கூட இறங்கவில்லை. நான்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே.

மறு சனிக்கிழமை. புது ஜோடி விருந்துக்குப் பட்டாபிராம் போயிருந்தது. நான் கொல்லையில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, மணையைப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வலது காதுப் பக்கம் ஒட்டியிருந்த இழைகளைத் தன் கையாலேயே பிரித்து, இடது தோளின் மேல் தொங்கவிட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம். நான் அந்தத் தலையை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். உச்சியில் சின்னதாக ஒரு மச்சம் இருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது.

எண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து அந்த மச்சத்தின் மேல் கையை வைத்தேன். அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது என் கைக்குத் தெரிந்தது.

"சிரிக்கிறியா, வல்லி?" என்றார்.

"இல்ல" என்றேன். நிஜமாகவே சிரிக்கவில்லை. "கொஞ்சம் குனிஞ்சி ஒக்காருங்க. கையி எட்டல."

குனிந்து உட்கார்ந்தார்.